இன்டர்வியூ அறையில் கையை எங்கே வைப்பது?

பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் என்னிடம் கேள்வி பதிலைப் பற்றிக் கேட்பதைவிட இதைத்தான் அதிகம் கேட்கிறார்கள். "பதிலெல்லாம் தெரியும்ணா, கையை எங்க வெக்கிறதுன்னுதான் தெரியல." நியாயமான சந்தேகம்தான். வீட்டிலும் டீக்கடையிலும் நமக்குக் கை என்று ஒன்று இருப்பதே ஞாபகத்தில் இருக்காது. ஏசி அறை, எதிரே முன்பின் தெரியாத மூன்று பேர், காலைக் கடிக்கும் புது ஷூ என்று ஆனதும் இருக்கிற இரண்டு கையும் நான்காகிவிட்ட மாதிரி இருக்கும்.

நான் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஆள் எடுக்கும் பிரிவில் இருந்தவன். டிப்ளமோவோ பி.இ.யோ முடித்துவிட்டு முதல் வேலை தேடி வருகிறவர்கள்தான் பெரும்பாலும் எதிரே உட்காருவார்கள். மேசைக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்ததில் எனக்குப் பட்டது இது: உடம்பு விறைத்துப்போகப் பயம் பாதிக் காரணம் என்றால், பழக்கமில்லாதது மீதிக் காரணம். அந்த அறையில் எத்தனை விஷயம் உங்களுக்குப் புதிதோ, அத்தனை இடத்தில் உடம்பு திணறும். அதனால் எதையெல்லாம் முன்கூட்டியே பழகிக்கொள்ள முடியுமோ, அதையெல்லாம் பழகிவிட்டுப் போய் உட்காருங்கள். கீழே இருப்பதெல்லாம் அதற்கான வழிகள்தான்.

இரண்டு கதைகளை ஓரங்கட்டிவிடலாம்

"நாம் சொல்ல வருவதில் 55 சதவீதம் உடல்மொழி, 38 சதவீதம் குரல், வார்த்தை வெறும் 7 சதவீதம்" என்று பயிற்சி வகுப்புகளில் முதல் ஸ்லைடிலேயே போடுவார்கள். ஆல்பர்ட் மெஹ்ராபியன் என்ற உளவியலாளர் 1967-இல் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வுகளிலிருந்து வந்த எண்கள் அவை. தனித்தனிச் சொற்களை வெவ்வேறு தொனியில் பதிவு செய்து, முகப் படங்களோடு சேர்த்துக் கொடுத்து, சொல்கிறவர் எதிராளியை விரும்புகிறாரா வெறுக்கிறாரா என்று ஊகிக்கச் சொன்னார்கள். சொல் ஒன்றும் முகம் ஒன்றுமாக இருந்தபோது ஆட்கள் முகத்தை நம்பினார்கள். அவ்வளவுதான் விஷயம். உணர்ச்சியைப் பற்றிய பேச்சைத் தவிர மற்றதற்கு இந்தக் கணக்கு பொருந்தாது என்று மெஹ்ராபியனே சொல்லியிருக்கிறார். வெல்டிங்கில் ஏன் விரிசல் விழுகிறது என்று கேட்டால் வெல்டிங் தெரிந்திருக்க வேண்டும். உட்காரும் விதம் அங்கே உதவாது.

அடுத்தது 'பவர் போஸ்'. கை காலை அகல விரித்த தோரணையில் இரண்டு நிமிடம் இருந்தால் ஹார்மோனே மாறித் துணிச்சல் வந்துவிடும் என்று 2010-இல் ஓர் ஆய்வு வந்தது. அதில் கலந்துகொண்டவர்கள் 42 பேர். 2015-இல் இன்னொரு குழு 200 பேரை வைத்துச் செய்து பார்த்தது. ஹார்மோனில் ஒரு மாற்றமும் இல்லை. அப்படி இருந்தவர்கள் சற்றுத் தெம்பாக உணர்ந்ததாக மட்டும் சொன்னார்கள். முதல் ஆய்வை எழுதியவர்களில் ஒருவரான டேனா கார்னி 2016-இல், அந்த விளைவு உண்மை என்று தான் நம்பவில்லை என்று எழுதிவிட்டார். பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு எல்லைச்சாமி மாதிரி நின்றால் நஷ்டம் ஒன்றுமில்லை. அதை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

எனக்கு நம்பிக்கை உள்ள ஆய்வு வேறொன்று. உள்ளே ஓடும் உணர்ச்சி முகத்தில் அப்படியே எழுதி ஒட்டியிருக்கிறது என்று நாம் நினைக்கிறோமே, அந்த அளவுக்கு அது வெளியே தெரிவதில்லை என்று தாமஸ் கிலோவிச்சும் உடன் ஆய்வாளர்களும் 1998-இல் காட்டினார்கள். அதன் தொடர்ச்சியாக 2003-இல், பேசப்போகிறவர்களிடம் இந்த விஷயத்தை முன்னதாகச் சொல்லிவிட்டுப் பேச வைத்தபோது அவர்களின் பேச்சு மேம்பட்டது. மேசையின் அந்தப் பக்கம் இருந்தவன் என்ற முறையில் நானும் சாட்சி சொல்கிறேன். "ரொம்ப நடுங்கிட்டேன் சார்" என்று பிறகு வந்து சொன்ன பலரின் நடுக்கத்தை நான் பார்க்கவே இல்லை. உங்களிடமும் முன்னதாகச் சொல்லிவிட்டேன், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வாரம் இருக்கும்போது

போட்டுக்கொண்டு போகப்போகும் உடையை, ஷூ உட்பட, வீட்டில் மூன்று நாளாவது ஒரு மணி நேரம் போட்டிருங்கள். புது ஷூ கடித்தால் நடை மாறும், நடை மாறினால் முகம் மாறும். சட்டைக் காலர் இறுக்கமாக இருந்தால் பதில் சொல்லும்போது விரல் தானாகக் கழுத்துக்குப் போகும். டை கட்டாயமில்லாத இடத்துக்கு, நண்பனிடம் இரவல் வாங்கிய டையோடு போக வேண்டாம். துப்பட்டாவை இரண்டு பக்கமும் பின் குத்திவிடுங்கள்; இல்லாவிட்டால் அரை மணி நேரமும் அதைச் சரிசெய்வதே கைக்கு வேலையாகிவிடும். சேலையில் வசதி என்றால் சேலை. அன்றைக்குத்தான் முதல்முறை கட்டப்போகிறீர்கள் என்றால் சுடிதாரே நல்லது.

அப்புறம் போன். அதை மேசையில் சாய்த்து வைத்து, நாற்காலியில் உட்கார்ந்து, "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்ற கேள்விக்கு இரண்டு நிமிடம் பதில் சொல்லிப் பதிவு செய்யுங்கள். முதலில் சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். கால் ஆடுகிறதா, கண் எங்கே போகிறது, எந்த இடத்தில் தோள் தூக்குகிறது என்று தெரிந்துவிடும். அடுத்து, போனைக் கவிழ்த்து வைத்துக் குரலை மட்டும் கேளுங்கள். வாக்கியத்தின் கடைசியில் குரல் தேய்ந்து காணாமல் போகிறதா? நம் பிள்ளைகளிடம் நான் அதிகம் கண்ட குறை அதுதான். முதல் பாதி கேட்கும், மீதியை நாங்கள் யூகிக்க வேண்டும். முதல் வீடியோவைப் பார்க்கக் கூச்சமாகத்தான் இருக்கும். நான்காவதிலிருந்து பழகிவிடும்.

மாதிரி நேர்காணலுக்கு நண்பர்களை மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள், சிரிப்பில் முடிந்துவிடும். அதிகம் பழகாத பெரியவர் ஒருவரைப் பிடியுங்கள். பக்கத்துத் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியர், வங்கியில் வேலை பார்த்த மாமா என்று யாராவது இருப்பார்கள். அவருக்கு உங்கள் பாடம் தெரிய வேண்டியதில்லை. எதிரே ஒரு பெரிய மனிதர் உட்கார்ந்து உற்றுப் பார்க்கும்போது கண்ணைத் தாழ்த்தாமல் பேசிப் பழக வேண்டும், அதுதான் கணக்கு.

நம்ம ஊர்ப் பழக்கங்கள்

ஆங்கிலத்தில் வரும் குறிப்புகளில் இந்தப் பகுதி இருக்காது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நம்மில் பலர் வளர்ந்த விதம் அப்படி. பெரியவர் எதிரே கையைக் கட்டி நில், நிமிர்ந்து பார்க்காதே, கேட்டால் மட்டும் பேசு. வீட்டின் முதல் பட்டதாரியாக வருகிற பிள்ளைகளிடம் இது கூடுதலாகவே இருக்கும். நான் குறை சொல்லவில்லை. அந்தப் பணிவைப் பார்த்து எனக்கு ஊர் ஞாபகம் வந்த நாட்கள் உண்டு. ஆனால் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வெளி மாநில மேலாளர் அதையே "இந்தப் பையனுக்கு லைனில் நாலு பேரை வேலை வாங்க வராது" என்று படித்துக்கொள்வார். இரண்டு பேரும் ஒரே பையனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பதில் தப்பாகப் போனதும் நாக்கைக் கடித்துக்கொள்வது. நமக்குள் இது "அய்யோ, தப்பா சொல்லிட்டேன்" என்பதற்கான அழகான ஒப்புதல். இந்தப் பழக்கம் இல்லாதவருக்கு ஒன்றும் புரியாது, சில சமயம் கேலி மாதிரியும் தெரியும். அதற்குப் பதிலாக வாயால் சொல்லிவிடுங்கள்: "மன்னிக்கணும், திருத்திச் சொல்றேன்." இதை ஒழுங்காகச் சொன்னவர்களுக்கு நான் மதிப்பெண் கூட்டித்தான் போட்டிருக்கிறேன்.

தலையாட்டல் அடுத்தது. பக்கவாட்டில் நாம் ஆட்டும் ஆட்டலுக்கு ஆமாம், சரி, பார்க்கலாம், புரிகிறது என்று நாலைந்து பொருள். எதிரே இருப்பவர் தமிழர் என்றால் கவலையில்லை. வெளிநாட்டுக்காரர் என்றால் "நைட் ஷிப்ட் பார்ப்பாயா?" என்ற கேள்விக்கு நீங்கள் ஆட்டிய தலையை இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். தலையாட்டலை அடக்கிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. ஆட்டும்போது கூடவே 'யெஸ்' என்று ஒரு வார்த்தையைச் சேர்த்துவிட்டால் சிக்கல் தீர்ந்தது.

பேசும்போது வாயருகே கையைக் கொண்டுபோவது, யோசிக்கும்போது தலையைச் சொறிவது, 'ச்சு' கொட்டுவது, இந்த மூன்றும் வீடியோவில் மாட்டும். மாட்டியதும் பாதி குறைந்துவிடும். வாக்கியத்துக்கு மூன்று 'சார்' போடுகிறவர்கள் இருக்கிறார்கள்: "ஆமா சார், ஃபைனல் இயர்ல சார், பம்ப் பண்ணோம் சார்." ஒரு பதிலுக்கு ஒரு சார் போதும், மரியாதைக்குக் குறை வராது.

இவற்றில் விட வேண்டாதவையும் உண்டு. பெரியவர் உள்ளே வந்தால் எழுந்து நிற்பது, பொருளை வலது கையால் கொடுப்பது, தவறிக் கால் பட்டால் ஒரு கணம் தொட்டுக்கொள்வது. இதெல்லாம் உங்கள் இயல்பு, அப்படியே இருக்கட்டும். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கொரிய நிறுவனங்கள் நிறைய. அங்கே சான்றிதழை இரண்டு கையாலும் கொடுத்தால் அவர்கள் ஊர் மரியாதையும் அதுதான்.

அன்று காலை

அரை மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேருங்கள். பஸ்ஸில் நின்று வந்த வியர்வையோடு நேராக அறைக்குள் போனால் முகத்தைத் துடைப்பதிலேயே முதல் ஐந்து நிமிடம் போகும். முகம் கழுவி, சட்டையைச் சரிசெய்துகொண்டு, கொஞ்ச நேரம் விசிறிக்கடியில் உட்காருங்கள். போனை அணைத்துவிடுங்கள், வைப்ரேஷனில் வைத்தால் மேசை சேர்ந்து அதிரும்.

காத்திருக்கும் இடத்தில் எல்லோரும் குனிந்து போன் பார்ப்பார்கள். நீங்கள் பார்க்காதீர்கள். இருபது நிமிடம் கழுத்தை மடக்கி வைத்திருந்துவிட்டு, கூப்பிட்டதும் நிமிர்ந்து நட என்றால் உடம்பு கேட்காது. மூச்சை நாலு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுங்கள். ஐந்தாறு முறை செய்தால் போதும், இதயத் துடிப்பு கொஞ்சம் இறங்கும். ஃபைலையும் பையையும் இடது பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். வலது கை காலியாக இருக்கட்டும். காரணம் அடுத்த பத்தியில்.

கதவிலிருந்து நாற்காலிவரை

கதவைச் சற்றே திறந்து தலையை மட்டும் உள்ளே நீட்டி "மே ஐ கம் இன்" கேட்பவர்கள் பலர். பள்ளிக்கூடத்தில் தாமதமாக வந்த பையன் ஞாபகம்தான் வரும். தட்டுங்கள், முழுதாகத் திறங்கள், வாசலில் நேராக நின்று கேளுங்கள். உள்ளே வந்து எல்லோருக்கும் பொதுவாக ஒரு குட் மார்னிங்கோ வணக்கமோ சொன்னால் போதும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல வேண்டாம். கைகுலுக்க நீங்களாக நீட்டாதீர்கள். அவர்கள் நீட்டினால், காலியாக வைத்திருக்கும் வலது கை தயாராக இருக்கும். உள்ளங்கை வியர்க்கும் ஆள் என்றால் கதவைத் தட்டுவதற்கு முன்பே கைக்குட்டையில் துடைத்துவிடுங்கள். பெண்கள் விருப்பமில்லாவிட்டால் சிரித்த முகத்தோடு கைகூப்பிவிடலாம். அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளும் ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை.

உட்காரச் சொல்லும்வரை நாற்காலி பக்கத்தில் நில்லுங்கள். அவர்கள் காகிதத்தில் மூழ்கிச் சொல்ல மறந்துவிட்டால், "உட்காரலாமா?" என்று கேட்டுவிடுங்கள். ஒரு பையன் நாங்கள் கவனிக்காததால் நாலைந்து நிமிடம் நின்றபடியே பதில் சொல்லிக்கொண்டிருந்தான். தப்பு எங்களுடையது. ஆனால் கேட்க அவனுக்கு வாய் வரவில்லையே என்றும் எனக்குத் தோன்றியது.

நாற்காலியை இழுக்காமல் தூக்கி நகர்த்துங்கள். சுழல் நாற்காலி என்றால் ஜாக்கிரதை. என் முதல் இன்டர்வியூவில் அதுதான் எனக்கு வினையாக வந்தது. அதற்கு முன் அப்படியொன்றில் நான் உட்கார்ந்ததே இல்லை. பதில் தெரியாத ஒவ்வொரு கேள்விக்கும் நாற்காலி என்னை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டே இருந்தது. இரண்டு பாதமும் தரையில் அழுந்தப் பதிந்திருந்தால் அது சுழலாது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நான் உங்களுக்குச் சொல்லிவிட்டேன். நுனியில் உட்காராதீர்கள், முதுகு பின்னால் தொடட்டும். பையை மடியில் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டாம், காலடியில் வையுங்கள்.

கை, கண், குரல்

இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம். கைக்கு ஒரு வீடு கொடுங்கள். மேசை இருந்தால் அதன்மேல், ஃபைலுக்கு மேலே ஒன்றின்மேல் ஒன்றாக. மேசை இல்லாவிட்டால் மடியில், அதே மாதிரி. பேசும்போது கை எழுந்து வந்து எதையாவது காட்டட்டும், அளவு சொல்லட்டும். முடிந்ததும் வீட்டுக்குப் போகட்டும். பேசும்போது கையாட்டவே கூடாது என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். கியர் எப்படிப் பல் பிடிக்கிறது என்பதைக் கையைக் காட்டாமல் விளக்க முடியுமா என்ன? பேனாவைக் கையில் வைத்திருக்காதீர்கள், டிக் டிக் என்று அழுத்தத் தோன்றும்.

கண்ணுக்கும் பெரிய இலக்கணம் இல்லை. கேட்டவரைப் பார்த்துப் பதிலை ஆரம்பியுங்கள், நடுவில் மற்றவர்களையும் ஒரு பார்வை பாருங்கள், முடிக்கும்போது கேட்டவரிடமே திரும்புங்கள். கண்ணைப் பார்க்க முடியவில்லை என்றால் புருவத்துக்கு நடுவில் பாருங்கள்; எதிரே இருப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. யோசிக்கும்போது பார்வை விலகத்தான் செய்யும், எல்லோருக்கும் அப்படித்தான். ஆங்கிலத்தில் பதில் சொல்லும்போது நம் பிள்ளைகள் கூரையைப் பார்ப்பது ஏனென்று எனக்குத் தெரியும். தமிழில் வந்த பதிலை அங்கே வைத்து மொழிபெயர்க்கிறார்கள். அதற்கு மருந்து சின்ன வாக்கியம். நீளமான ஒன்றைத் தொடங்கிவிட்டு வினைச்சொல்லைத் தேடி மேலே பார்ப்பதைவிட, ஐந்தாறு வார்த்தையில் முடித்துவிட்டு அடுத்ததைத் தொடங்குங்கள். கண் தானாக இறங்கிவிடும். வாக்கியம் குறைந்தால் குரல் தேய்வதும் நிற்கும்.

பதில் தெரியாத இடத்தில்தான் உடம்பு காட்டிக்கொடுக்கும். தோள் சுருங்கும், ஒரு அசட்டுச் சிரிப்பு வரும், கை முகத்துக்குப் போகும். இதற்கென்று ஒரு வாக்கியத்தை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள்: "இது எனக்குத் தெரியாது, இதோடு தொடர்புள்ள இன்னது தெரியும், சொல்லட்டுமா?" வீட்டில் இருபது முறை, கைகள் அதன் வீட்டில் இருக்க, சொல்லிப் பழகுங்கள். தெரிந்த பதிலை ஒத்திகை பார்க்காத ஆளே இல்லை. தெரியாது என்பதை ஒத்திகை பார்க்கிறவர்கள்தான் குறைவு.

பெண்களிடம் "கல்யாணம் எப்போது?" என்று கேட்கும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். கேட்கக்கூடாத கேள்வி அது. கேட்டுவிட்டால் குனிந்து சிரித்து மழுப்ப வேண்டாம். கேட்டவரையே பார்த்து, "வேலையைப் பாதிக்கிற திட்டம் எதுவும் இல்லை" என்று சாதாரணக் குரலில் சொல்லி நிறுத்திவிடுங்கள். அந்த மௌனத்தை நிரப்ப வேண்டியது உங்கள் பொறுப்பில்லை.

அரசுத் தேர்வுக்கு ஒரு வார்த்தை

யுபிஎஸ்சி நேர்காணலை ஆளுமைத் தேர்வு என்கிறது. சிவில் சர்வீஸில் மொத்தம் 2025 மதிப்பெண்ணில் அதற்கு மட்டும் 275. அதன் அறிவிக்கையைப் படித்துப் பாருங்கள். மனக் கூர்மை, தெளிவாகவும் தர்க்கமாகவும் எடுத்துச் சொல்லும் திறன், சமநிலையான தீர்ப்பு, நேர்மை என்றெல்லாம் பட்டியல் இருக்கிறது. இது குறுக்கு விசாரணை இல்லை, நோக்கமுள்ள இயல்பான உரையாடல் என்றும் சொல்கிறார்கள். எப்படி உட்கார வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. சிப்பாய் மாதிரி விறைப்பாக உட்காரச் சொல்லித்தரும் இடங்களில் கொடுக்கும் காசு வீண் என்பது என் அபிப்ராயம்.

வீடியோவில் என்றால்

லேப்டாப்புக்கு அடியில் நாலு தடிப் புத்தகங்களை அடுக்கி, கேமராவைக் கண் மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். இல்லாவிட்டால் எங்களுக்கு உங்கள் மூக்குத் துவாரமும் மேலே சுற்றும் ஃபேனும்தான் தெரியும். ஜன்னல் உங்களுக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் இருந்தால் முகம் கருப்பாகிவிடும். பேசும்போது திரையில் இருக்கும் முகத்தைப் பார்க்காமல் கேமராப் புள்ளியைப் பாருங்கள், பக்கத்தில் ஒரு பொட்டு ஒட்டி வைத்தால் ஞாபகம் இருக்கும். உங்கள் சொந்தப் படத்தை மறைத்துவிடுங்கள், கண் அங்கேயே போகும். குக்கர் விசில் எத்தனை மணிக்கு வரும் என்று அம்மாவிடம் முதல் நாளே பேசி வையுங்கள்.

வெளியே வரும்போது

"அவ்வளவுதான், போகலாம்" என்றதும் ஒரு பெருமூச்சு, தொங்கிய தோள், ஃபைலிலிருந்து சரியும் காகிதங்கள், அவசர அவசரமாக ஓட்டம் என்றுதான் பலர் கிளம்புகிறார்கள். நாங்கள் இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருப்போம். காகிதங்களை நிதானமாக ஃபைலில் வையுங்கள். எழுந்து, நாற்காலியைப் பழைய இடத்தில் விட்டு, நன்றி சொல்லிவிட்டு நடங்கள். கதவு இழுப்பதா தள்ளுவதா என்று உள்ளே வரும்போதே கவனித்து வைத்திருந்தால் அங்கேயும் தடுமாற வேண்டாம்.

கீழே வந்து டீ வாங்கிக்கொண்டு, கேட்ட கேள்விகளை எழுதிவிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அப்போது கை எங்கே இருந்தது, எந்தக் கேள்வியில் கால் ஆட ஆரம்பித்தது என்றும் எழுதுங்கள். சாயங்காலத்துக்குள் பாதி மறந்துவிடும். அடுத்த மாதிரி நேர்காணலை அந்தக் கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கச் சொல்லி, மாதிரி நேர்காணல் நடத்திய அந்தப் பெரியவரிடம் கேளுங்கள்.